வீட்டுக் கூழாங்கல்

அபெனாவின் சட்டையை எரித்தது நான்தான். தைத்து முடித்து, கடைசியாக ஒருமுறை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தபோது என் சிநேகிதன் றெமிஜியஸ் போன் எடுத்தான். நான் தைத்த காற்சட்டை இடுப்பில் இறுக்குகிறதாம். "பிழை காற்சட்டையிலை இல்லையடா, உன்ரை வயித்திலை" என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். தொழிலில் என் கவனத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னேன். அதற்குள் மணம் வந்துவிட்டது. முதுகின் நடுவில், வெட்டி ஒட்டியதுபோல அயர்ன் பெட்டியின் உருவம், கருகிய அப்பத்தின் நிறத்தில்.

வெக்ஸ்போர்ட்டில் பத்தொன்பது வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவனுக்கு இது நல்ல விளம்பரம்.

அபெனா கானா நாட்டுக்காரி. முதியோர் இல்லமொன்றில் வேலை. சனிக்கிழமை அவளுடைய தாயின் ஓராண்டு நினைவு. அதற்குக் குடும்பத்தார் எல்லோரும் ஒரே அச்சுத்துணியில் உடுப்பது அவர்கள் வழக்கம். யார் வீட்டாள், யார் விருந்தாள் என்று வாசலிலேயே தெரிந்துவிடும். அண்ணன்மார் ஒன்றுவிட்ட பேரப்பிள்ளைகள் வரைக்கும் துணி கொடுத்தார்கள். அவளுக்கு மட்டும் "முடிஞ்சுபோச்சு" என்றார்கள். தாயின் வீட்டைத் தன்னைக் கேளாமல் ஏன் விற்றீர்கள் என்று அவள் கேட்டிருந்தாள். அதுதான் குற்றம். ஆகவே தானே ஒரு துணி தேடிக் கொண்டுவந்தாள்: வெள்ளையில் கறுப்புக் கூழாங்கற்கள்.

நான் பயந்த மனிதன். பயந்தவன் உடனே வேலை செய்வான். ஆபிரிக்கத் துணிக்கடைகள் இருக்கிற ஜேன் தெருப் பக்கம் ஓடி, கறுப்பு வெள்ளையில் கண்ணைப் பறிக்கிற வேறு துணி வாங்கி, விடிவதற்குள் அச்சு அசலாக இன்னொரு சட்டை தைத்தேன். வெள்ளிக்கிழமை அபெனா வந்தாள். எரிந்த கதையைச் சொல்லிப் புதுச் சட்டையைக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தாள். அவள் பேசுவது ஆங்கிலம். என் காதில் விழும்போது எப்படியோ யாழ்ப்பாணத் தமிழாகிவிடும்.

"மிஸ்டர் கிளிபோட், உந்தத் துணியின்ரை பேர் தெரியுமோ?"

"துணிக்குப் பேரோ?"

"'நல்ல புருசன்'. அம்மாவின்ரை நினைவுநாளிலை, மூண்டு வருசத்துக்கு முன்னம் விட்டிட்டு ஓடினவனுக்கு நான் நற்சாட்சிப் பத்திரம் குடுக்கிறதோ?"

என் மனைவி பேர்ணடெற் தையல் மெசினிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பிடியொரு துணி இருக்குதோ? வைச்சிருப்பம். இவருக்கு அளவு சரிவராது."

"அப்ப உங்கடை துணிக்கு என்ன பேர்?" என்றேன்.

"எஃபியே ம்மோசியா. வீட்டுக் கூழாங்கல். ரோட்டுக் கல் குத்தினாலும் நோகும். ஆனா வீட்டு முற்றத்துக் கல் குத்தினா அதைவிட நோகும். மண்டபத்திலை இருக்கிற ஒவ்வொரு கிழவிக்கும் உது தெரியும். நான் வாயே திறக்க மாட்டன். முன் வரிசையிலை போய் இருப்பன். அவ்வளவுதான்."

"வேறை கடையளிலை தேடிப் பாக்கட்டோ?"

"எல்லாக் கடையும் தேடித்தான் இந்த ஆறு யார் துணி கிடைச்சது. எரிஞ்சதையே தாங்கோ."

எரிந்ததைக் கொடுக்க என் மானம் விடவில்லை. மடிப்புக்குள்ளிருந்து துண்டு எடுத்து, கல்லுக்குக் கல் பொருத்தி ஒட்டுப்போட்டேன். பிறகு வந்தவர் போனவர் எல்லோரிடமும் தெரிகிறதா என்று கேட்டேன். றெமிஜியஸ், "எது?" என்று தன் காற்சட்டையைப் பார்த்தான். பேர்ணடெற், "சோறு ஆறுது, வாங்கோ" என்றாள். முப்பது வருடக் கலியாணத்தில் அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். ஆனாலும் நம்பிக்கை விடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அபெனா சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன் நின்றாள். தலையில் அதே துணியில் கட்டு. எந்த வாசலும் தானாக விலகும் போலிருந்தது.

"குளிருமெண்டால்..." என்று பேர்ணடெற்றின் கறுப்புச் சால்வையை நீட்டினேன்.

"ஜூலையிலையோ?"

சால்வையை மடித்தேன். "அபெனா, உண்மையைச் சொல்லுங்கோ. முதுகிலை தெரியுதோ?"

அவள் திரும்பி, தோளுக்கு மேலால் கண்ணாடியை நெடுநேரம் பார்த்தாள்.

"தெரியுது, மிஸ்டர் கிளிபோட். கடைசி வரிசையிலை இருக்கிறவனுக்கும் தெரியும். எரிச்சதும் தெரியுது, தைச்சதும் தெரியுது. நான் அதை மறைக்க மாட்டன்."