விழுங்கிய எழுத்துகள்

“அம்மா, முழுங்கின எழுத்தெல்லாம் வயித்துக்குள்ள போய் என்ன பண்ணும்?”

ஏழு வயது மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படிக் கேட்டாள். அம்மா பழகிப் பார்ப்பதற்காக வைத்திருந்த பயிற்சி ஒலிப்பதிவை, ஹெட்போனை ஒரு காதில் மாட்டிக் கேட்டதன் விளைவு அது. அதில் பேசிய டாக்டர் ‘நெக்ஸ்ட் வீக்’ என்பதை ‘நெக்ஸ் வீக்’ என்றார். ‘ஷுட் ஹாவ் பீன்’ என்ற மூன்று சொல்லும் ‘ஷுடபின்’ என்று ஒரே உருண்டையாக வந்து விழுந்தது.

“அவசரமா பேசினா எல்லாரும் முழுங்குவாங்கடி.”

“நீயும்தான். புஸ்தகத்துல ‘சாப்பிட்டுவிட்டு வா’ன்னு இருக்கு. நீ ‘சாப்ட்டு வா’ங்கற.”

கணவர் சிரித்துவிட்டார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வேலை பார்த்த பட்டறை மூடி நான்கு மாதமாகியிருந்தது. இப்போது வீடு ஓடுவது அவளுடைய இரண்டு காதை நம்பித்தான்.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் நோயாளிக் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் அலுவலகத்தில் அவள் புதிதாகச் சேர்ந்திருந்தாள். காதில் ஹெட்போன், காலடியில் ஒரு பெடல். பெடலை மிதித்தால் பேச்சு ஓடும், விட்டால் நிற்கும். புரியாத இடத்தை ஊகித்து எழுதக் கூடாது, கோடு போட்டுக் காலியாக விட வேண்டும். ஒரு குறிப்பில் ஐந்து காலியிடம் வரை பொறுப்பார்கள். அதற்கு மேல் போனாலோ, பிழை இருந்தாலோ மேற்பார்வையாளர் ஒரு சிவப்புக் குறி போடுவார். ஆறு வாரத் தற்காலிக வேலையில் மூன்று சிவப்பு விழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவள் ஆங்கிலம் படித்தது முழுக்கப் புத்தகத்தில். எழுத்து ஒவ்வொன்றும் அவளுக்கு அத்துப்படி, ஆனால் வாயிலிருந்து வராத எழுத்தைக் காது எங்கே போய்த் தேடும்? எப்போதும் பையில் அகராதி வைத்திருந்ததால் அலுவலகத்தில் அவளை ‘அகராதி’ என்றே கூப்பிட்டார்கள். அது பாராட்டா வசவா என்ற சந்தேகம் அவளுக்கு உண்டு. வீட்டுப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பவளுக்குச் சந்தேகத்துக்கா பஞ்சம்?

அவளோடு சேர்ந்த இன்னொருத்தி ‘சால்வை’. முதல் நாள் ஏசிக் குளிரில் நடுங்கியவளுக்கு அகராதிதான் தன் சால்வையைக் கொடுத்தாள். அன்று தோளில் ஏறியது பிறகு இறங்கவே இல்லை. இருப்பது ஒரே நிரந்தர இடம். இருவருக்கும் இரண்டிரண்டு சிவப்பு விழுந்தாகிவிட்டது.

“சால்வை, மருந்து பேரையெல்லாம் உன் இஷ்டத்துக்கு எழுதறியே, நோயாளி பொழைக்கணுமா வேண்டாமா?” என்று மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் கேட்டதும், “அகராதி, உன் பேப்பர்ல எழுத்தைவிடக் கோடுதான் அதிகம்” என்று இந்தப் பக்கம் திரும்பியதும் ஒரே நாளில்தான்.

ஆறாவது, கடைசி வாரத் திங்கட்கிழமை அது நடந்தது. ஒன்பது காலியிடங்களோடு குறிப்பை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது இரண்டே இருந்தன. மிச்சம் ஏழையும் யாரோ நிரப்பியிருந்தார்கள்.

மறுபடி ஓட்டிக் கேட்டாள். நிரப்பியவை அத்தனையும் சரி. செவ்வாய், புதன் அதே கதை. இன்னொன்றையும் கவனித்தாள். தன் வலது காலுக்கு நேராக இருக்கும் பெடல், மதியத்துக்குப் பிறகு இடப்பக்கம் தள்ளிக் கிடந்தது. அந்த அறையில் இடது காலால் மிதிப்பது ஒரே ஒரு ஆள்தான்.

‘இப்ப சரியாப் போட்டு நம்ப வைக்கிறா. கடைசி நாள்ல ஒரு விஷத்தை வச்சு என்னைக் கவுத்துடுவா. வாங்கின சால்வையையே திருப்பித் தராதவதானே.’

புதன்கிழமை மாலை புகார்க் கடிதம் எழுதி நான்காக மடித்துப் பையில் வைத்தாள். மறுநாள் காலை சாமி கும்பிடும்போதுகூட, ‘ஆண்டவனே, அவளைக் கையும் களவுமாக் காட்டிக் குடு’ என்றே வேண்டினாள். அவர் காட்டத்தான் செய்தார், அவள் கேட்டபடி அல்ல.

வியாழன் மதியம் சாப்பிடப் போவதுபோல் இறங்கி, பாதிப் படியில் திரும்பி வந்து, அலமாரிக்குப் பின்னால் நின்றாள். சால்வை, அகராதியின் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெருக்க வந்த அக்கா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“உன் சோறு ஆறிக் கெடக்கு. அவ வேலைய நீ ஏன்டி பாக்கற?”

“அவளுக்கு முழுங்கின எழுத்து கேக்காதுக்கா. நான் ஒரு வீட்ல ஏழு வருஷம் புள்ள பாத்தேன். அந்த வீட்டம்மா பேசினா பாதி எழுத்து வெளியவே வராது. மீதிய நான்தான் போட்டுக்கணும். அப்படியே பழகிடுச்சு.”

“அவ ஜெயிச்சா நீ தெருவுல நிக்கணும், தெரியுமில்ல?”

“தெரியும். மொத நாள் யாருன்னே தெரியாம இந்த சால்வையக் குடுத்தாளே. திருப்பிக் குடுக்கலாம்னா ஆணில மாட்டி ஓரம் கிழிஞ்சுபோச்சு. எந்த மூஞ்சிய வச்சுக் குடுக்க? இதையாவது செய்யறேன். நீ வாய வச்சுகிட்டு சும்மா இரு.”

அலமாரிக்குப் பின்னால் நின்றவளுக்குக் காது அடைத்துப் போயிற்று. சத்தமில்லாமல் படியிறங்கினாள். கொடுத்ததைக் கணக்கு வைத்திருந்தவள் வாங்கியவளைத் திருடியாக்கிவிட்டாள். கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். யார் கண்ணிலும் படாமல் செய்கிறவளிடம் நன்றி சொல்லப் போனால், அவள் கூசிப் போவாள் என்று பட்டது.

வெள்ளிக்கிழமைதான் கடைசிக் குறிப்பு. மகள் சொன்னது நினைவுக்கு வர, புரியாத இடங்களில் வரக்கூடிய சொற்களைத் தன் வாயால் வேகமாகச் சொல்லிப் பார்த்தாள். ‘சாப்ட்டு வா’ போலவே வாய் தானாகச் சில எழுத்துகளை விழுங்கியது. எவை தொலைகின்றன என்று அப்போதுதான் பிடிபட்டது. கோடுகள் ஐந்தில் நின்றன. மதியத்துக்கு முன்பே குறிப்பைக் கொடுத்துவிட்டாள்.

“அதுக்குள்ள குடுத்துட்டியா?” என்றாள் சால்வை, கொஞ்சம் பதற்றமாக.

“ம். நீ போய் சாப்புடு. எனக்குத் தலைவலி, இங்கயே சாஞ்சுக்கறேன்.”

அறை காலியானது. பெருக்குகிற அக்காவும் இறங்கிப் போகும்வரை காத்திருந்து, சால்வையின் நாற்காலியில் உட்கார்ந்தாள். குறிப்பில் ஒரு காலியிடம்கூட இல்லை. ஆனால் மருந்துப் பெயர்கள் தாறுமாறாகக் கிடந்தன. மூன்றாவது சிவப்பு நிச்சயம். எழுந்து போய்விட்டால் நிரந்தர இடம் தனக்குத்தான். வீட்டு வாடகையும் வேலையில்லாத கணவரின் முகமும் ஒரு கணம் கண் முன்னால் வந்து நின்றன.

கண்ணை மூடி ஒரு வரி வேண்டிக்கொண்டாள். பெடலைத் தன் வலது காலுக்கு இழுத்து, அகராதியை மடியில் விரித்து, ஒவ்வொரு பெயராகக் கேட்டுத் திருத்தினாள். மொத்தம் பதினொன்று.

படியில் காலடிச் சத்தம் கேட்பதற்குள் எழுந்துவிட்டாள். நாற்காலி முதுகில் தொங்கிய சால்வையின் கிழிந்த ஓரத்தை உள்பக்கமாக மடித்துவிட்டு, குனிந்து, பெடலை மறக்காமல் இடப்பக்கம் தள்ளி வைத்தாள்.