எந்த இங்கி

ஊர்த் தலைவரின் மனைவி போனியெம் காலையிலேயே ஒரு கூடை அரிசியும் மஞ்சள் கிழங்கும் கால் கட்டிய சேவலும் கொண்டுவந்து அடுப்படியில் இறக்கியபோது வாகிராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் வீட்டில் கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை.

"என்னக்கா, சேவலெல்லாம் தூக்கிட்டு வந்திருக்கீங்க?"

"நல்லா கேட்டே போ. நாளைக்கு வெள்ளிக்கிழமை, நல்ல நாளு. உன் வயல்ல நிக்கிற எண்ணெக் குழாயத் திறக்கறாங்கல்ல? கந்தூரிச் சோறு நிலத்துக்காரி அடுப்புலதான வேகணும்? அது இல்லாம ஒரு கூலியாளும் குழாயத் தொடமாட்டான். மஞ்சச் சோத்தைக் கூம்பா, சாயாம குவிச்சுக் குடு. போன தடவை சமைச்சவ கூம்பு குடிகாரனாட்டம் ஒரு பக்கமா நின்னுச்சு."

"யாரு திறக்கச் சொன்னாங்க?"

"உன் புருஷன்தான். ஊர்க் கூட்டத்துல கம்பெனி அதிகாரி கேட்டப்போ எந்திரிச்சு நின்னு 'இங்கி'ன்னாரே."

"ஐயோ அக்கா, அது சும்மா சொல்ற இங்கி."

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அந்தச் சுமத்ராக்காரருக்குத் தெரியணுமே" என்று சிரித்துக்கொண்டே போனியெம் போய்விட்டாள்.

இங்கி என்றால் ஆமாம். பேச்சுக்கு அப்படித்தான். ஆனால் எங்கள் ஜாவாப் பக்கத்தில் பெரிய மனிதர் ஒருவர் எதைச் சொன்னாலும் எதிரில் இருப்பவன் தலையைத் தாழ்த்தி இங்கி சொல்லியே ஆக வேண்டும். சொன்னது காதில் விழுந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. நாளைக்கு வேலி கட்ட வா என்றால், இங்கி. மறுநாள் போகமாட்டான். கூப்பிட்டவரும் காத்திருக்கமாட்டார். முகத்துக்கு நேரே முடியாது என்கிறவனைத்தான் ஊர் மாட்டுக்குப் பிறந்தவன் என்று பேசும். இந்த நாகரிகமெல்லாம் எண்ணெய்க் கம்பெனி அதிகாரி மனுருங்குக்கு எங்கே தெரியப்போகிறது? அவர் பிறந்த சுமத்ராவில் இல்லையென்றால் இல்லைதான், அதையும் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்வார்கள்.

அந்தக் குழாய் எண்ணெய் எடுக்க டச்சுக்காரன் போட்டது. வயலுக்கு நட்டநடுவே இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் டச்சுக்காரன் அதன் வாயில் சிமெண்டைக் கொட்டி அடைத்துவிட்டு ஓடினான். அன்றிலிருந்து எருமைகள் முதுகு சொறிந்துகொள்ளத்தான் அது உதவுகிறது. மேட்டுக் காட்டில் ஊர்க்காரர்கள் இப்படி அடைபட்ட கிணறுகளைத் தோண்டித் திறந்து, தேக்கு மரத்தில் முக்காலி நட்டு, பழைய லாரி எஞ்சினால் கயிறு இழுத்து எண்ணெய் எடுக்கிறார்கள். அது கல்லுக் காடு, எது வழிந்தாலும் கேட்பாரில்லை. வயல் அப்படியா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு குழாயைத் திறந்தார்கள். எண்ணெய் ஒரு பங்கு, உப்புத் தண்ணீர் ஒன்பது பங்கு, கொதிக்கக் கொதிக்க வந்தது. ஒரே வாரத்தில் பயிர் கருகிப் போயிற்று. இன்றுவரை அங்கே புல்கூட முளைக்கவில்லை. வாகிராவின் வயல் அப்பா அவள் பெயருக்கு எழுதி வைத்தது. இப்போது கதிர் பால் பிடித்து நிற்கிறது.

அவள் சேவலை வேறொரு கூடையால் மூடிவிட்டு வயலுக்கு ஓடினாள். அவள் புருஷன் தர்மின் வரப்பில் உட்கார்ந்து கிராம்பு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, நாளைக்குக் குழாயத் திறக்கறாங்களாமே?"

"சொன்னாங்களா?"

"நீங்க கூட்டத்துல இங்கின்னீங்களாம்."

"அத்தனை பேரு முன்னாடி கேட்டாரு. வேற என்னத்தச் சொல்றது?"

"அந்தாளு அதை நெசமுன்னு எடுத்துக்கிட்டாரு. போயி வேண்டாம்னு சொல்லிட்டு வந்துருங்க."

"சரி. போறேன்."

"எப்போ?"

"போறேன்னா போறேன். கால்ல சேறு. கழுவ வேண்டாமா?"

வாகிரா வீட்டுக்குத் திரும்பினாள். இருப்புக் கொள்ளவில்லை. அரிசியைக் களையவா வேண்டாமா என்று கூடையைத் திறந்து பார்த்தாள், மூடினாள். முற்றத்தைப் பெருக்கினாள். பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கினாள். வேலிப் பக்கம் வந்து பார்த்தபோது தர்மின் கால் கழுவிக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான், சாப்பிட்டான், பாயை விரித்துப் படுத்துவிட்டான்.

"போகலையா?"

"அவரும் சாப்பிடற நேரம். வெயில் தாழட்டும்."

அவளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. இந்த மனுஷனுக்கு இல்லை என்று சொல்ல நாக்கு எழாது, நாமே போய்ச் சொல்லிவிடுவோம் என்று ரவிக்கையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். வேண்டாம் என்பதற்கும் எங்கள் மொழியில் பணிவான சொல் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வழி நெடுக அதை முணுமுணுத்துப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் கதவை அறைந்து சாத்துகிற மாதிரியே இருந்தது.

ஊர் அலுவலகத்தில் மனுருங் டெம்பே என்கிற பொரித்த சோயாத் துண்டை மிளகாயோடு கடித்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கம்மா. நாளைக்குக் கந்தூரிக்கு ஏற்பாடெல்லாம் ஆச்சா?"

"குழாயத் திறக்க வேண்டாங்க" என்றாள். சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

அவர் டெம்பேயைக் கீழே வைத்தார். "இப்ப வந்து சொல்றீங்களே."

"எங்க வீட்டுக்காரரு கூட்டத்துல சொன்ன இங்கி மரியாதைக்குச் சொன்னதுங்க. எங்க ஊரு வழக்கம் அப்படி. நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க."

மனுருங் சிரிக்கவில்லை. "அம்மா, நான் இங்க வந்து மூணு வருஷம் ஆச்சு. இங்கியை நம்பி எத்தனை நாளு ஆளுங்களோட வெயில்ல நின்னுருக்கேன் தெரியுமா? அதனால இப்பல்லாம் கூட்டத்துல சொல்றதை நான் காதுலயே போட்டுக்கறதில்ல. உங்க வீட்டுக்காரரு கூட்டத்துக்கு முன்னாடியே என்னைத் தேடி மூணு தடவை வந்தாரு. உங்க வயலு என் பட்டியல்லயே இல்ல. அவராத்தான் திறங்கன்னு கேட்டாரு."

"எங்க வீட்டுக்காரரா?"

"அவரேதான். நிலம் உங்க பேருல இருக்குதேன்னு கேட்டேன். அவகிட்டக் கேட்டுட்டேன், அவளும் இங்கின்னுட்டான்னாரு. நீங்க சொல்லலையா?"

வாகிராவுக்கு ஞாபகம் வந்தது. நாற்றுப் பறித்த அன்று, சேற்றில் குனிந்தபடியே, அந்தக் குழாயைத் திறந்து பார்த்தால்தான் என்ன என்று தர்மின் கேட்டிருந்தான். புருஷன் ஏதோ பேசுகிறான், பதில் சொல்ல வேண்டும். இங்கி என்றுவிட்டு அடுத்த கொத்தைப் பறிக்கப் போய்விட்டாள்.

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. தர்மின் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான். நாளைக் கந்தூரிக்குத்தான் விறகு.

"மூணு தடவை போனீங்களாமே."

கோடாலி நின்றது. அவன் மறுக்கவில்லை. "நீ இங்கின்னியே."

"நான் மரியாதைக்குச் சொன்னேன்."

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"இந்த ஊர்ல பொறந்தவருக்கு அது தெரியாதா? வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல? உப்புத் தண்ணி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வரட்டும்." அவன் குரல் உயரவில்லை. "வந்தா அப்புறம் வயலே இருக்காதுல்ல."

வாகிரா விறகைத் தாண்டி அவன் எதிரில் வந்தாள்.

"இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு வாகிரா. உங்கப்பா வயலு, உங்கப்பா வரப்பு. எங்கய்யா மேட்டுக் காட்டுல எண்ணெ இழுத்தவரு. சின்ன வயசுல நானும் அந்தக் கயித்தைப் பிடிச்சு இழுத்துருக்கேன். அந்தச் சேத்துல கால் வைக்கிற ஒவ்வொரு நாளும் எனக்குக் கொமட்டும். எங்கயாவது போயிரலாம்னு இருக்கும். வயலை விட்டுட்டுப் போறவன ஊரு என்ன சொல்லும்? வயலே போயிட்டா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருஷம் தினமும் பக்கத்திலேயே குனிந்து நட்டவன். அவள் ஒரு நாள்கூட அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்து, உனக்கு இது பிடிக்கிறதா என்று கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நெல்லைக் கொல்ல நினைத்தவனைப் பார்த்து இரக்கப்படவும் மனம் வரவில்லை. அது பால் பிடித்த பயிர்.

அடுப்படிக்குள் போய்க் கூடையை எடுத்தாள். அரிசி மேல் மஞ்சளை வைத்தாள், சேவலை வைத்தாள், தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எங்க போறே?"

"தலைவரு வீட்டுக்கு. என் அடுப்புல இது வேகாது."

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

படலைத் தாண்டும்போது அவளுக்கு ஒரு கேள்வி எழுந்தது. கேட்காமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். முடியவில்லை. திரும்பினாள்.

"ஏங்க. எங்கப்பா உங்ககிட்டக் கேட்டாரே. என் மகளையும் வயலையும் பாத்துக்கறியான்னு. நீங்க அப்பச் சொன்னது எந்த இங்கி?"

தர்மின் கோடாலியின் பிடியைத் தடவினான். பொய் சொல்ல அவனுக்கு அன்று மனம் வரவில்லை போலிருக்கிறது.

"ரெண்டையும் ஒண்ணா சேத்துத்தானே கேட்டாரு" என்றான். "நானும் ரெண்டுக்கும் ஒரே இங்கிதான் சொன்னேன்."

சேவல் கூடையில் உதறிக்கொண்டது. வாகிரா அதை அமுக்கிப் பிடித்தபடி தெருவில் இறங்கி நடந்தாள். வயல் பிழைத்துவிட்டது. நாளைக்கு அவளோடு அதில் யார் இறங்குவார்கள் என்றுதான் தெரியவில்லை.