நறுக்கிய ஓரம்

“வெள்ளைக் கடதாசியைத்தானே வெட்டினனான், படத்தையே வெட்டினனான்?” என்று வினுஷா கத்தியது கிளென் வேவர்லியில் எங்கள் வேலி தாண்டிக் கேட்டது. காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

அவள் புருஷன் சுஜீதன், இருநூறு வருடப் பழைய செப்புத்தகட்டு அச்சுப்படம் ஒன்றை ஏலத்தில் எடுத்திருந்தான். தொந்திப் பிரபு ஒருவனைக் கேலி செய்யும் படம். விருந்தாளிகள் வருகிறார்களே என்று இவள் ஓரத்தை நறுக்கிக் கடையில் வாங்கிய படச் சட்டத்துக்குள் திணித்துவிட்டாள். ஓரம் போனால் படத்தின் மதிப்பே போயிற்றாம்.

“விசரி! இனி இப்பிடி ஒண்டு கிடைக்குமே?”

“ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் அதைப் பாக்கிறியள். என்ரை முகத்தைக் கடைசியா எப்ப பாத்தனியள்?”

குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். அவன் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரமே அவள் சிட்னிக்கு, மெரிலேண்ட்ஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்றாம் வருடம் அங்கேயே ஒரு பல் வைத்தியரைக் கட்டினாள். சுஜீதன் யாரையும் கட்டவில்லை.