இரண்டாம் பேஸில் ஒரு யானிகேகே

எனக்கு முடி அலங்காரக் கடை. காலையில் சுருட்டை முடிகளோடு மல்லுக்கட்டுவேன், சாயங்காலம் சர்க்கரை ஆலைக்குப் பின்னாலிருக்கும் மைதானத்தில் என்னைப் புரோஃபே, அதாவது வாத்தியாரம்மா, என்று கூப்பிடும் பத்து வயசு பேஸ்பால் பிசாசுகளோடு. எது கஷ்டம் என்று கேட்காதீர்கள், முடியாவது சீப்புக்கு அடங்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தோற்றால் என் அணியை இன்னொரு அணியின் கோச் ஃபௌஸ்தோவிடம் ஒப்படைத்துவிடுவதாகப் பேட்டைக் கமிட்டி சொல்லியிருந்தது. அவன் உயரமான பையன்களாகப் பார்த்துப் பொறுக்குகிறவன். என் பொடியன்களில் பாதிப் பேரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவான். முதலில் போவது எல்லாரிலும் குட்டையான யோர்லினாகத்தான் இருக்கும்.

யோர்லின் அடித்தால் அடிதான். ஆனால் முதல் பேஸிலிருந்து, இரண்டாவதை மிதிக்காமல், நேரே மூன்றாவதுக்கு ஓடிவிடுவான். ஒன்றை விட்டாலும் ஓட்டம் செல்லாது. அவனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் சந்துகளில் தண்ணீர்க் கேன் மூடியைத் துடைப்பக்கட்டையால் அடித்து ஆடும் ஆட்டத்துக்கு முதல், மூன்று என்று இரண்டே பேஸ்தான். நடுவில் ஒன்று இருப்பதே மைதானத்துக்கு வந்த பிறகுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். போன மாதம் இவன் குறுக்கே ஓடியதில் ஓர் ஆட்டமே போயிற்று.

கத்திப் பார்த்தேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம். கடைசியில், பயிற்சியின்போது இரண்டாம் பேஸ் பக்கத்தில் தட்டு அகலத்துக்குப் பொரித்த யானிகேகே ரொட்டியைச் சூடாக வைத்தேன். பேஸை மிதித்தவனுக்கு ஒரு துண்டு. அந்த வாசனைக்கு மசியாத பிள்ளை எங்கள் சான் பெத்ரோவில் பிறக்கவில்லை. ஆட்டத்தில் யோர்லினை அதே பேஸுக்குக் காவலாகவும் நிறுத்தினேன்.

"இது உன் வீட்டு வாசப்படிடா. எவன் மிதிச்சான், எவன் மிதிக்கலன்னு உனக்குத் தெரியணும்."

"எதிர் டீம்காரன் மிதிச்சா அவனுக்கும் துண்டு உண்டா, புரோஃபே?"

"வாய மூடு."

ஞாயிறன்று எதிரணி ஃபௌஸ்தோவுடையதே. கடைசிச் சுற்று. நாங்கள் ஒரு ரன் முன்னால், இன்னும் ஒரே ஒரு அவுட் வேண்டும். பேஸ்கள் காலி. அவர்களுடைய தார்வின் அடிக்க வந்தான், வாழைமரம் மாதிரி வளர்ந்த பையன். பந்து கரும்புக் காட்டு ஓரம் வரை போனது. எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் சுற்றி ஓடிவந்து, புறப்பட்ட இடமான ஹோமை மிதித்துவிட்டான். ரன் சமம். ஒரே கூச்சல்.

"போய் சீப்ப எடு, நெரெய்தா," என்றான் ஃபௌஸ்தோ.

யோர்லின் மட்டும் இரண்டாம் பேஸில் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அடப்பாவி, இந்த நேரத்திலுமா தீனி என்று பல்லைக் கடித்தேன்.

"பந்த இங்க போடுங்கடா!"

பந்து வந்தது. கையில் பந்தோடு பேஸை மிதித்துக்கொண்டு அம்பயரைப் பார்த்தான்.

"சார், அவன் இத மிதிக்கல. குறுக்கால போயிட்டான். எனக்குத் தெரியாதா? நானும் அப்படித்தானே போவேன்."

அம்பயரும் அதைப் பார்த்திருந்தார். ஆனால் ஆடுகிறவர்கள் கேட்காமல் அவராகச் சொல்லக் கூடாது. இப்போது முஷ்டியை உயர்த்தி அவுட் என்றார். அந்த ரன் செல்லாது. ஆட்டம் எங்களுக்கு.

அணி என்னிடமே இருக்கும், யோர்லின் என்னிடமே இருப்பான். வெட்கத்தை விட்டு மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து அழுதேன். ஊரே பார்த்தது, பார்க்கட்டும்.

யோர்லின் வந்து கையை நீட்டினான். "என் துண்டு?"

பையிலிருந்த யானிகேகேயை முழுசாகவே கொடுத்தேன். அவன் அதை எடுத்துக்கொண்டு, ஃபௌஸ்தோவிடம் திட்டு வாங்கி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த தார்வினிடம் போனான். சரிபாதியாகப் பிய்த்தான். இருவரும் மென்றபடியே ஏதோ பேசினார்கள். பிறகு அங்கிருந்தே, ஃபௌஸ்தோவின் காதில் விழ, எனக்குக் குரல் கொடுத்தான்.

"புரோஃபே, இவனும் நாளைக்கு நம்ம பிராக்டிஸுக்கு வரானாம். பாவம், இவங்க கோச் செகண்ட் பேஸ்ல எதுவுமே வெக்கிறதில்லயாம்."