இடது வலது இல்லாத மூட்டு

கோயம்புத்தூரில் செயற்கை மூட்டு செய்கிற ஒரு கம்பெனியில் இலக்கியா பொறியாளராக இருந்தாள். முழங்காலை மடக்கி நீட்டும்போது முட்டிச் சில்லு வழுக்கிக்கொண்டு ஓட உலோகத்தில் உழவுச்சால் மாதிரி ஒரு சால் வேண்டும். அந்தச் சாலை வரைவதுதான் அவள் வேலை. பெண் பார்க்க வந்தவர்கள் என்ன வேலை என்று கேட்டு, இவள் விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிப்போகும்.

ஆனால் அவளுக்கு அந்தச் சால் பெரிய விஷயம். தொடையெலும்பு இடுப்பிலிருந்து நேராக இறங்குவதில்லை. உள்பக்கமாகச் சாய்ந்து இறங்குகிறது. அதனால் கால் நீட்டியிருக்கும்போது சில்லு சற்று வெளிப்பக்கமாக நிற்கும், மடக்க மடக்க நடுவுக்கு வரும். சாலும் அந்தச் சாய்விலேயே போக வேண்டும். வலது காலுக்கு வலப்பக்கம், இடது காலுக்கு இடப்பக்கம். நூற்றுக்கணக்கான ஸ்கேன்களைப் பார்த்து, சாய்வை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் இரண்டு மூட்டுகளை வரைந்து முடித்தாள்.

நிர்வாக இயக்குநர் ஜீவானந்தம் படத்தைப் பார்த்தார். இரண்டு மூட்டு என்றால் இரண்டு அச்சு, இரண்டு பெட்டி, இரண்டு அனுமதி.

“சாலை நடுவுல நேரா விட்டுட்டா ரெண்டு காலுக்கும் ஒண்ணே போதுமே” என்றார்.

அப்படி விட்டால் சில்லு வெளி விளிம்பில் ஏறிப் பொத்தென்று விழும் என்று இலக்கியா சொன்னாள். மனிதன் எதற்கும் பழகிக்கொள்வான் என்று அவர் சொன்னார். அவள் மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக அனுப்பினாள். ஒவ்வொன்றுக்கும் கைகூப்புகிற படம் ஒன்று பதிலாக வந்தது. சால் நேரானது. மூட்டுக்குச் ‘சமம்’ என்று பெயர் வைத்தார்கள். இடது வலது பேதம் பார்க்காத மூட்டு என்று போஸ்டர் அடித்தார்கள். சமூக நீதி பேசும் தோரணையில் ஜீவானந்தம் அதில் கைகட்டி நின்றார்.

அறிமுக விழாவை ஏற்காட்டில் ஏரியை ஒட்டிய ஒரு ரிசார்ட்டில் வைத்தார்கள். கோவையில் வைத்தால் எலும்பு டாக்டர்கள் வேலை இருக்கிறது என்பார்கள். குளிரும் படகும் இருந்தால் குடும்பத்தோடு வருவார்கள். மேடையில் இரண்டு பக்கமும் இறங்குகிற மரப்படி ஒன்று போட்டிருந்தார்கள். அதில் ஏறி இறங்கிக் காட்ட பக்கத்து ஊரான மஞ்சக்குட்டையிலிருந்து அம்மணி என்ற பெண்ணை ஜீப்பில் கூட்டி வந்தார்கள். காப்பி எஸ்டேட்டில் மேடும் பள்ளமுமாய் நடந்து முட்டி தேய்ந்துபோனவர். கம்பெனி நடத்திய இலவச முகாமில் அவர் வலது காலுக்குச் ‘சமம்’ பொருத்தியிருந்தார்கள்.

முதல்நாள் ஒத்திகையில் அம்மணி படியேறும்போது முட்டியிலிருந்து டொக்கென்று சத்தம் வந்தது. இலக்கியா பக்கத்தில் போய் எப்போதும் இப்படித்தானா என்று விசாரித்தாள். எப்போதும்தான், வீட்டில் எல்லாரும் அந்தச் சத்தத்தை வைத்தே நான் எங்கே இருக்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அம்மணி சொன்னார். வலி போய்விட்டது, ஆனால் சில்லு நழுவுகிற மாதிரி இருப்பதால் இறக்கத்தில் பயம் என்றும் சொன்னார். இலக்கியா ஜீவானந்தத்திடம் போய்ச் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, ஒலிபெருக்கிக்காரரைக் கூப்பிட்டு நாதஸ்வரத்தைக் கூட்டி வைக்கச் சொன்னார்.

மறுநாள் காலை அரங்கம் நிறைந்திருந்தது. நாதஸ்வரம் காதைப் பிளந்தது. புதுப்புடவையில் அம்மணி படியில் கால் வைத்தார். டாக்டர்கள் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அவர் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கிய நேரம் கரண்ட் போனது. ஏற்காட்டில் மூடுபனி இறங்கினால் இது வழக்கம்தான்.

அந்த அமைதியில் டொக் என்றது. அடுத்த படியிலும் டொக் என்றது. அத்தனை எலும்பு டாக்டர்களுக்கும் அது என்ன சத்தம் என்று தெரியும்.

படி சரியில்லை, தச்சர் ஆணியை ஒழுங்காக அடிக்கவில்லை என்று ஜீவானந்தம் அரையிருட்டில் அறிவித்தார். படியைச் செய்த சின்னையன் பின்னால்தான் நின்றிருந்தார். அவர் மேடைக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு படியிலும் ஏறிக் குதித்துக் காட்டினார். ஒரு முனகல்கூட வரவில்லை. இரண்டு பேர் கைதட்டினார்கள். அவர் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

முன்வரிசையிலிருந்து சேலத்து டாக்டர் ரூபி எழுந்து வந்தார். வந்திருந்தவர்களில் மூத்தவர். அம்மணியைப் படியில் உட்காரச் சொல்லி, சில்லின்மேல் உள்ளங்கையை வைத்து, காலை மடக்கி நீட்டச் சொன்னார்.

“வெளிப்பக்கம் ஏறிப் போய் விழுகுது. இதை வரைஞ்சது யாரு?” என்று கேட்டார்.

“நம்ம இலக்கியாதாங்க டாக்டர்” என்று ஜீவானந்தம் கடைசி வரிசையைக் காட்டினார். “சின்னப் பொண்ணு. போகப் போகக் கத்துக்கும்.”

எல்லாரும் திரும்பி இலக்கியாவைப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்டு உட்கார்ந்துவிட்டால் வேலை மிஞ்சும். அம்மணி ஒன்றும் புரியாமல் முட்டியைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்தாள்.

“நான் வரைஞ்சது சாய்வா, டாக்டர். வலதுக்கு ஒண்ணு, இடதுக்கு ஒண்ணு. அதை நேராக்கினது சார்தான்.”

ஜீவானந்தம் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது கரண்ட் வந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து நாதஸ்வரம் முழு வேகத்தில் பிடித்துக்கொண்டது. அதை நிறுத்த ஆள் தேடி ஓடினார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்குள் அவர் தெளிந்துவிட்டார். மைக்கைப் பிடித்து, குறையை மறைக்காமல் மேடையிலேயே காட்டுகிற துணிச்சல் நாட்டில் எந்தக் கம்பெனிக்கு உண்டு என்று கேட்டார். அதற்காகவே அம்மணியை அழைத்ததாகவும், ஒவ்வொரு காலின் தனித்தன்மையையும் மதிக்கும் ‘சமம் பிளஸ்’ இனி இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக வரும் என்றும் அறிவித்தார். கைதட்டல் பலமாகவே இருந்தது. பிரியாணி தயாராகியிருந்தது.

அம்மணியின் காலுக்கு என்ன வழி என்று இலக்கியா கேட்டதற்கு, அது பழைய மாடல் என்று ஜீவானந்தம் சொன்னார். டாக்டர் ரூபி தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தார். முகாமில் பொருத்திக்கொண்ட அத்தனை பேரையும் கூப்பிட்டுச் சோதித்து, தேவைப்பட்டவர்களுக்குக் கம்பெனி செலவிலேயே மாற்றிக் கொடுக்கும்வரை தன் மருத்துவமனைக்குள் இந்தக் கம்பெனியின் திருகாணிகூட வராது என்று நிதானமாகச் சொன்னார். அங்கேயே இன்னும் சிலர் அதை ஆமோதித்தார்கள். ஜீவானந்தம் உடனே, அதைத்தான் தானும் சொல்ல வந்ததாகச் சொன்னார்.

இலக்கியாவை வேலையைவிட்டு எடுக்கவில்லை. எடுத்தால் ‘பிளஸ்’ஸை வரைய ஆள் இல்லை. அவள் பழைய படத்தையே எடுத்துக் கொடுத்தாள். அதைப் புதிய கண்டுபிடிப்பு என்று போஸ்டர் அடித்தார்கள்.

அம்மணிக்கு மறு அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கழித்து, இலக்கியா ஷேர் ஜீப் பிடித்து மஞ்சக்குட்டைக்குப் போனாள். அம்மணி களத்தில் காயப்போட்ட காப்பிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் சரிவில் இறங்கி வந்தார். இலக்கியாவின் கண் அவர் முட்டியைவிட்டு நகரவில்லை.

“இப்ப நல்லாருக்குது கண்ணு. சில்லுன்னு ஒண்ணு இருக்குறதே தெரியல” என்றார்.

உட்காரவைத்துக் காப்பி கொடுத்த பிறகு அம்மணி கேட்டார்: “அது கோளாறாப் போகும்னு உனக்கு முன்னயே தெரியுமா?”

“தெரியுங்க. சார்கிட்ட எத்தனையோ தடவை சொன்னேனுங்க.”

“மொதலாளிகிட்டச் சொன்னே, செரி. காலு என்னுதல்ல? எங்கிட்டச் சொல்லலியே கண்ணு.”

இலக்கியா டம்ளரைக் கீழே வைத்தாள். அம்மணி அந்தப் பேச்சை இழுத்துக்கொண்டு போகவில்லை. புடவையைச் சற்றுத் தூக்கி இடது முட்டியைக் காட்டினார்.

“இந்தக் காலும் நொம்ப நாளா நோவுது. இதுக்கு என்னத்த வெக்கப் போறீங்க? வெக்கறதுக்கு முந்தியே சொல்லிரு.”

இலக்கியா தரையில் உட்கார்ந்து அந்த முட்டியில் விரலை வைத்தாள். மேலே வெளிப்பக்கத்தில் தொடங்கி, மெதுவாகச் சாய்த்து, நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். சில்லு இந்த வழியாகத்தான் வரும் என்றாள்.

அம்மணி குனிந்து பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, “ஏ கண்ணாயி, நீயும் வந்து பாரு” என்று முகாமில் கூடவே மூட்டு வைத்துக்கொண்ட தன் தங்கையைக் கூப்பிட்டார்.