இரண்டாவது ரத்தம்

டாக்டர் சத்தியநாதன் மருந்தே கொடுக்காமல் பேர் வாங்கியவர். அதுதான் அவருக்கு வந்த வினை.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகைதான் அவருடைய ஆராய்ச்சிக்கூடம். உள்ளே ஒரு ஃபிரிட்ஜ், ஒரு மேஜை, அட்டெண்டர் சவுரிமுத்து. மஞ்சள் காமாலைக்காரர்களிடம் ரத்தம் எடுத்து, கிருமியின் அடையாளம் அதில் இருக்கிறதா என்று பார்ப்பார். ஆறு மாதம் கழித்து அதே ஆளிடம் மறுபடி எடுக்க வேண்டும். கிருமி போய்விட்டதா, ஈரலிலேயே குடித்தனம் நடத்துகிறதா என்று அப்போதுதான் தெரியும். எழுபத்து மூன்றாம் வருஷம் முடிவதற்குள் அந்த இரண்டாவது ரத்தம் வராவிட்டால் கொட்டகையைப் பூட்டிவிடுவோம் என்று பணம் கொடுக்கிற டில்லி சொல்லிவிட்டது.

முதல் ரத்தத்துக்குக் குறைவே இல்லை. ஊசியைப் பார்த்து மயங்கி விழுகிறார்களே என்று, வருகிறவர்களைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார். நெரிசல் வேண்டாமென்று பின்வாசல் வழியாக அனுப்பினார். அங்கேதான் பிசகினார். முடிச்சூர்ப் பக்கம் காமாலைக்கு மந்திரிக்கிறவரும் இப்படித்தான் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, வேப்பிலை அடித்து, பின்வாசலால் அனுப்புவார். குணமானவன் மந்திரித்தவர் முகத்தில் மறுபடி முழிக்கக் கூடாது. முழித்தால் காமாலை திரும்பிவிடும்.

காமாலை பெரும்பாலும் தானாக இறங்குகிற நோய். இறங்கியது. தகரக் கொட்டகை டாக்டர் ரத்தத்தோடு மஞ்சளையும் உறிஞ்சிவிடுகிறார் என்று ஊர் பேசியது. கோழியும் வாழைத்தாரும் வாசலில் வந்து விழுந்தன. கொண்டுவந்த ஆள் மட்டும் நிற்பதில்லை.

குரோம்பேட்டையில் அவர் பஸ் ஏறினால் பாதி பஸ் இறங்கியது. சர்ச்சில் வேதபாடம் வாசித்துக்கொண்டிருந்த தேவானந்தம் வாத்தியாரும் காமாலை தேறியவர்களில் ஒருவர்; டாக்டர் நுழைந்ததும் பைபிளால் முகத்தை மூடிக்கொண்டு, ஞாபகத்தில் இருந்ததை ஒப்பித்து முடித்தார்.

"சவுரி, நான் ஒரு மருந்தும் குடுக்கலையேப்பா."

"அத்தத்தான் சார் அவுங்களும் சொல்றாங்க. மருந்தே இல்லாம எறக்கிட்டாருன்னு."

கடைசியில் இரண்டாவது ரத்தம் கேட்டு டாக்டரே வீடு வீடாகக் கிளம்பினார். முதலில் வளையல் கடை நூர் பீவி வீடு. சத்தம் கேட்டதுமே கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"சார், உனக்குப் புண்ணியமாப் போவும், போயிடு!"

"கொஞ்சூண்டு ரத்தம்தாம்மா."

"மூணு மாசம் உப்பில்லாம துன்னவ நானு. நீயா துன்னே?"

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பாரம் இறக்க இடமில்லாத மனிதன் உட்காருகிற மாதிரி. "நீங்கல்லாம் வரலைன்னா என் கொட்டாயப் பூட்டிடுவாங்கம்மா. பத்து வருஷ உழைப்பு."

உள்ளே வளையல்கள் குலுங்கின. பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மூஞ்சியத்தானே பாக்கக் கூடாது? முதுகக் காட்டுனா?"

மறுநாள் நூர் பீவி கொட்டகைச் சந்துக்குள் பின்பக்கமாகவே நடந்து வந்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். ஒரு வாரம் மேற்குத் தாம்பரத்தில் முதுகு ஊர்வலம். எதிரே வந்த சைக்கிள்காரர்கள் எந்தப் பக்கம் ஒதுங்குவதென்று தெரியாமல் சாக்கடையில் இறங்கினார்கள். தேவானந்தம் வாத்தியார் குடையால் பின்னால் துழாவிக்கொண்டே வந்து குப்பைக்கூடையில் உட்கார்ந்து, நாற்காலி ரொம்பச் சின்னதாக இருக்கிறது என்று குறைப்பட்டார். டாக்டர் முதுகுகளுக்கு வணக்கம் சொல்லி, பின்னால் நீண்ட கைகளில் ரத்தம் எடுத்தார்.

கொட்டகை பிழைத்தது. ஆனால் சிலருடைய ரத்தத்தில் அடையாளம் அப்படியே இருந்தது. நூர் பீவிக்கும். சொல்லாமல் இருக்க முடியாதே. கூப்பிட்டனுப்பினார். அன்றும் முதுகைக் காட்டியே வந்து நின்றாள்.

"அம்மா, கிருமி இன்னும் உள்ளதான் இருக்கு. மொதல்லேருந்தே போகல. ஈரலை ஜாக்கிரதையாப் பாத்துக்கணும்."

"இன்னா சொன்னேன் நானு? திரும்பி வந்தேன், அதுவும் திரும்பி வந்துடுச்சு."

"அப்படி இல்லம்மா! வராதவங்களுக்கும் இருக்கும்!"

"வராதவங்க ஒருத்தருக்காவது இருந்துச்சா?"

டாக்டர் நோட்டைப் புரட்டினார். வராதவர்களின் இரண்டாவது ரத்தம் அவரிடம் ஏது? கிருமி இருப்பதாகக் கண்டுபிடித்த அத்தனை பேரும் திரும்பி வந்தவர்கள்தான். பத்து வருஷ ஆராய்ச்சியும் முடிச்சூர்க்காரருக்குச் சாட்சி சொல்லிக்கொண்டு நின்றது.

நூர் பீவி பெருமூச்சு விட்டாள். அதுதான் திரும்பி வந்துவிட்டதே, இனி முகத்தை ஒளித்து என்ன பயன்? நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்து, முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"இன்னா சார், இப்டி நரைச்சுப் பூட்டே," என்றாள். "சரி, சொல்லு. இன்னா துன்னலாம், இன்னா துன்னக் கூடாது?"