பதினேழாம் பக்கம், நான்காவது வரி

1

இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது. வேறு எதையாவது சொல்லி ஆரம்பிக்கலாம் என்று மூன்று வாரம் முட்டி மோதினேன், ஒன்றும் தேறவில்லை. ஒரு பெண் தன் குழந்தையின் பெயரை முதல்முறையாக எழுதிக் கொடுத்தாள். நான் அதை எடுத்துவிட்டு வேறு பெயரைப் போட்டு நாற்பது பிரதி அச்சடித்துவிட்டேன். அவ்வளவுதான் விஷயம். இனி வருவதில் பாதி என் சமாதானம், அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.

[இதில் வருகிற பெயர்கள் எல்லாம் மாற்றப்பட்டவை. ஜுவேரியா என்பதை அவளே தேர்ந்தெடுத்துக்கொண்டாள். கணவனுக்கு ஆசிஃப் என்று வைத்ததும் அவள்தான். என்னை மாளவிகா என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு மட்டும் — அதற்குப் பிறகு வருகிறேன்.]

2

முதல் வரைவு: "மீர்சாகிப்பேட்டையின் குறுகிய சந்தில் மாலை வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தபோது ஜுவேரியாவின் கண்களில் —"

போதும். அவள் வீட்டுக்கு நான் போனதே இல்லை. அங்கே வெயில் எப்படி இறங்கும் என்று எனக்கு என்ன தெரியும்?

இரண்டாவது வரைவு: "தாய்மை என்பது —"

இந்த வாக்கியத்தை முடிக்க ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் முடிக்கப்போவதில்லை.

மூன்றாவதை ஜலஜாவிடம் காட்டினேன். ஜலஜா மனநல மருத்துவர், பள்ளியில் எனக்குப் பக்கத்து பெஞ்சு. அடையாறில் அவள் கிளினிக்கின் மாடியில்தான் சனிக்கிழமை பதினோரு மணிக்கு எங்கள் எழுத்து வட்டம் கூடும். குழந்தையை இழந்தவர்கள், பெற்ற பிறகு மனசு கலங்கிப்போனவர்கள் என்று ஆறு பெண்கள். மருந்து அவள் தருவாள். நோட்டும் பேனாவும் ஃப்ளாஸ்க் காபியும் நான்.

படித்துவிட்டு, "ஏண்டி, நன்னாத்தான் எழுதியிருக்கே. ஆனா இதுல அந்தப் பொண்ணு எங்கே? நீதானே பக்கம் பக்கமா அழுதுண்டிருக்கே?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. மயிலாப்பூருக்கு ஆட்டோவில் திரும்பும் வழியெல்லாம் அவளை மனசுக்குள் திட்டினேன். வீட்டுக்கு வந்து மூன்றாவதையும் அழித்தேன்.

3

ஜுவேரியா சாந்தோமில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எட்டாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, குழந்தை அசையவில்லையோ என்று அவளுக்குத் தோன்றியது. சர்க்கரைத் தண்ணீர் குடித்து, இடது பக்கமாகப் படுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அசைவை எண்ணினாள். எண்ண ஒன்றுமே வரவில்லை. மறுநாள் பிரசவம். பெண். அழவில்லை.

ஆசிஃப் குழந்தையை வெள்ளைத் துணியில் வாங்கி, அடக்கம் செய்ய எடுத்துக்கொண்டு போனான். அந்த வீட்டில் பெண்கள் கபரஸ்தானுக்குப் போகிற வழக்கமில்லை. எந்த இடம் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. உயிரோடு பிறந்திருந்தால் காதில் பாங்கு சொல்லி, ஏழாம் நாள் பெயர் வைத்திருப்பார்கள். அந்த ஏழாம் நாளில் அவள் அம்மி என்று கூப்பிடும் மாமியார் அஃப்சருன்னிசா பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டினார்.

"பேரு வேணாம்மா," என்றார். "பேரு வச்சா கூப்டத் தோணும்."

[இவரைக் கொடுமைக்கார மாமியாராக எழுதியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் தனக்கும் இரண்டு குழந்தைகள் போனதாக அன்றைக்குத்தான் அவர் வாய் திறந்து சொன்னாராம். சொல்லிவிட்டு ஸ்பூனைக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டு எழுந்து போனாராம். அப்புறம் நான் எப்படி அவரை வில்லியாக்குவது?]

பிறகு நடந்ததை ஜுவேரியா, கணக்குக்கு வழிமுறை எழுதுவதைப் போல வரிசையாகச் சொன்னாள். ஒன்பது நாள் பால் கட்டிக்கொண்டது. தூக்கம் போனது. குழாயைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல், பக்கெட் வழிந்தோடுகிற வரை நின்றாள். பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள் பின்னக் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். "இந்தத் தல எனக்கு வேணாம்னு இருக்கு," என்று ஆசிஃபிடம் சொன்னாள். அவன் பயந்துபோய் மறுநாளே ஜலஜாவிடம் கூட்டிவந்தான். காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒன்றரை. நான்காவது மாதம் தூக்கம் வந்தது. அதற்கப்புறம்தான் மாடிக்கு வந்தாள்.

4

[இங்கே அவள் கண்ட ஒரு கனவை எழுதியிருந்தேன். அவள் என்னிடம் கனவு எதுவும் சொன்னதில்லை. எடுத்துவிட்டேன்.]

5

"கவிதையெல்லாம் எனக்கு வராது மேடம். நான் கணக்கு."

"தெரிஞ்சத மட்டும் எழுதும்மா. தெரியாத ஒரு வார்த்தைகூட வேண்டாம்."

ஐந்து சனிக்கிழமை வெறும் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். ஆறாவது சனிக்கிழமை கொடுத்தது இது:

பிறந்த தேதியும் போன தேதியும் ஒன்று.
எடை இரண்டு கிலோ நூறு கிராம்.
தலைமுடி நிறைய, என் அப்பாவுக்குப் போல.
[          ] என்று கூப்பிட்டேன், வாய்க்குள்ளேயே.
உதடு அசைவதைப் பார்த்துவிட்டு நர்ஸ் கேட்டாள்:
தண்ணி வேணுமா?
ஆமாம் என்றேன்.
குடித்தேன்.

அவள் அதை வாசித்துக் காட்டினாள். நான்காவது வரியில் நிற்பாள் என்று நினைத்தேன், நிற்கவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி தெளிவாகச் சொன்னாள். அந்தப் பெயரை அவள் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு அது ஒரு நல்ல வரி, அவ்வளவுதான். "ரொம்ப நல்லா வந்திருக்கு," என்றேன்.

6

இப்போது தப்பு.

முதல் நாளே நானும் ஜலஜாவும் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தோம்: தொகுப்பாகப் போடும்போது எல்லாப் பெயர்களையும் மாற்றிவிடுவோம். தி. நகரில் ஒருத்தி தும்மினால் மயிலாப்பூரில் யாராவது கஷாயம் வைப்பார்கள். மனநல கிளினிக் மாடியில் எழுதினது வெளியே தெரிந்தால் எத்தனை வீட்டில் எத்தனை பேச்சு வரும்! ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பதினொரு பெயர்களை ஒரே மூச்சில் மாற்றினேன். கணவர்கள், மாமியார்கள், நாத்தனார்கள். பதினேழாம் பக்கம் நான்காவது வரியையும். அங்கே அதீபா என்று போட்டேன். இலக்கியம் அறிந்தவள் என்று பொருளாம். எனக்குப் பிடித்திருந்தது. எனக்கு!

மறுநாள் வெளிர்நீல அட்டை போட்ட நாற்பது பிரதிகளை மேஜையில் அடுக்கி வைத்திருந்தேன். எல்லோரும் அட்டையைத் தடவிப் பார்த்தார்கள், முகர்ந்துகூடப் பார்த்தார்கள். ஜுவேரியா நேராகத் தன் பக்கத்தைத் திறந்தாள்.

"மேடம், இது யாரு?"

"எது?"

"இங்க. அதீபான்னு போட்டிருக்கே. இது யாரு?"

"பேரெல்லாம் மாத்தறதா முதல்லயே பேசினோமேம்மா..."

"என் பேர மாத்துங்க. அவர் பேர மாத்துங்க. அம்மி பேர மாத்துங்க. எங்களுக்கு ஆதார் கார்டு இருக்கு, ரேஷன் கார்டு இருக்கு, எங்கியாச்சும் பேரு இருக்கு." அவள் குரல் உயரவே இல்லை. "அதுக்கு இந்த ஒரு எடந்தான மேடம் இருந்துச்சு?"

 

7

முடிவுகள். எழுதிப் பார்த்தவை:

முடிவு அ: ஜுவேரியா என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறாள், மன்னித்துவிடுகிறாள். [கட்டிக்கொள்ளவில்லை. மன்னித்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.]

முடிவு ஆ: புதிதாக அச்சடித்துத் தருகிறேன், எல்லாம் சரியாகிறது. இதை நான் சொல்லத்தான் செய்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "பசங்க தப்பாப் போட்டா பக்கத்தக் கிழிக்க நான் வுடமாட்டேன் மேடம். ஒரே கோடு போட்டு அடிச்சுட்டு, பக்கத்துல சரியா எழுதணும்."

முடிவு இ: ஆசிஃப் கபரஸ்தான் பதிவேட்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு பெயரை எழுதி வைத்திருக்கிறான்; அது அவள் வைத்த அதே பெயர். [எழுதும்போது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. சுத்தப் பொய். நடந்தது கீழே.]

8

ஜுவேரியா பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். பார்த்தாள். உள்ளே போட்டுவிட்டு நீலத்தை எடுத்தாள். நானும் ஒரு பேனாவைத் தேடினேன்.

"நீங்க எழுத வேணாம். பக்கத்த மட்டும் தெறந்து குடுங்க."

சரி என்றேன். வேறென்ன சொல்ல? மற்றவர்கள் தங்கள் பிரதிகளையும் அவளிடமே கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் பதினேழாம் பக்கத்தைத் திறந்து நீட்டுவேன். அவள் ஒரு கோடு போடுவாள், பக்கத்தில் பெயரை எழுதுவாள். ஒவ்வொரு தடவையும் உதடு லேசாக அசைந்தது. யாரும் தண்ணி வேணுமா என்று கேட்கவில்லை.

இருபத்தெட்டோ இருபத்தொன்பதோ ஆகியிருக்கும், ஆசிஃப் படியேறி வந்தான். பாண்டி பஜார் பக்கம் ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்து கொடுக்கும் கடை அவனுக்கு. ஒரு மணிக்கு அவளை அழைத்துப்போக வருவான், வாசலோடு நிற்பான்.

"இன்னா ஜுவி, இன்னும் ஆவலியா? வண்டிய நோ பார்க்கிங்ல வுட்டுட்டு வந்துகீறேன்."

அவள் எழுதிக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே வந்து ஒரு பிரதியை எடுத்துப் படித்தான். மெதுவாகப் படிக்கிறவன். எட்டு வரியை இரண்டு தடவை படித்தான்.

"இது நம்ம பாப்பாவா?"

"ம்."

"எப்ப வச்ச?"

"அன்னிக்கே."

"எங்கிட்ட சொல்லல."

"நீங்க எடம் சொல்லல."

கீழே தெருவில் ஏதோ வண்டி ஹார்ன் அடித்து ஓய்ந்தது. ஆசிஃப் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கபரஸ்தான் கேட்டு தாண்டி ரைட்ல. தண்ணி டேங்க் பக்கத்துல ஒரு வேப்பமரம் கீது," என்றான். "வெள்ளிக்கிழம தொழுதுட்டு, வாரா வாரம் போய்க்கினுதான் கீறேன். இன்னான்னு கூப்டுறதுன்னு தெரியாது. சும்மா நின்னுட்டு வந்துடுவேன்."

ஜுவேரியா அப்போதுதான் அழுதாள். நன்றாகச் சத்தம் போட்டு. நானும் அழுதேன், ஜலஜா இதற்கும் ஏதாவது சொல்லுவாள், சொல்லட்டும். அவன் அவள் கையிலிருந்து பேனாவை வாங்கினான்.

"வண்டி?" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"தூக்கிக்கினு போனா போவட்டும்."

என்னைப் பார்த்துக் கையை நீட்டினான். பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். மீதியை அவன் எழுதினான்.

9

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி. ஆனால் எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்பது பிரதிதான் இருந்தது. மேஜைக்கு அடியில், காபி டிரேக்குக் கீழே, கீழே கிளினிக்கில், எங்கும் தேடினோம். கீழே டாக்டருக்குக் காத்திருந்த யாரோ மேலே வந்து எட்டிப் பார்த்தார்களாம், அவர்கள் எடுத்துப்போயிருக்கலாம்.

போன வாரம் இதை எழுதலாமா என்று ஜுவேரியாவைக் கேட்டேன்.

"எழுதுங்க. எல்லார் பேரையும் மாத்திக்குங்க. அதுக்கு மட்டும் நீங்க வேற பேரு வெக்காதீங்க. ஒரு தடவ வெச்சது போதும்."

"அப்போ அங்க என்ன போட?"

"எடம் வுடுங்க."

விட்டிருக்கிறேன்.

ஆகவே முடிவு என் கையில் இல்லை. நாற்பதாவது பிரதி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் இருக்கிறது. வெளிர்நீல அட்டை, ஒல்லியான புத்தகம். உங்கள் வீட்டில் பழைய பேப்பரோடு கிடந்தாலும் கிடக்கும், பாருங்கள். பதினேழாம் பக்கம், நான்காவது வரி. நான் வைத்த பெயரை ஒரே கோடு போட்டு அடித்துவிடுங்கள். பக்கத்தில் என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை பதினோரு மணிக்கு மாடிக்குக் கொண்டு வாருங்கள். இப்போதெல்லாம் ஆசிஃபும் உள்ளே வந்து உட்காருகிறான். இருவரில் யார் கையில் பேனா இருக்கிறதோ, அவர் எழுதித் தருவார்.